‘அப்படித்தான்னு நினைக்கிறேங்க’: ஒரு பேச்சு பாணியின் வரலாறு

நீளமான த்ரெட். நைட் டூட்டி முடிச்சு வந்து எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு அடிதடி கேஸுல சாட்சி சொல்ல கோர்ட்டுக்குப் போயிருந்தேன். அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்கு இது வாடிக்கை. ராத்திரி காஷுவால்டியில தூக்கக் கலக்கத்துல எழுதின ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர், மூணு வருஷம் கழிச்சு சம்மனா திரும்பி வரும். நோயாளி முகம் மறந்து போயிருக்கும். கையெழுத்து மட்டும் நம்மளுது.

எங்க கேஸ் கூப்பிடுற வரைக்கும் பின் பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். அதுக்கு முன்னாடி வேற ஒரு கேஸ், செயின் பறிப்பு. பறிகொடுத்த அம்மா சாட்சிக் கூண்டுல நின்னாங்க. ஐம்பது வயசு இருக்கும்.

"அவன் என்ன கலர் சட்டை போட்டிருந்தான்?"

"கறுப்பு மாதிரி இருந்துச்சுங்க. கறுப்புதான்னு நினைக்கிறேங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் பிடிச்சுக்கிட்டார். "மாதிரியா, கறுப்பா? நினைக்கிறீங்களா, பார்த்தீங்களா?" அதுக்கப்புறம் அந்தம்மாவோட ஒவ்வொரு பதிலும் முந்தினதை விட சின்னதா, இழுவையா வந்துச்சு. கடைசியில எல்லா பதிலுக்கும் பின்னாடி ஒரு "இல்லீங்களா?" சேர்ந்துச்சு. கழுத்துல இருந்து செயினை அறுத்துட்டுப் போனது இவங்களோடது. ஆனா நடந்தது நடந்துச்சான்னு வக்கீலையே கேட்கிற மாதிரி ஆயிடுச்சு.

அடுத்து ஒரு போலீஸ் அதிகாரி ஏறினார். சம்பவ இடம் சென்றேன், பார்வையிட்டேன், மகஜர் தயாரித்தேன். ஒரு ‘மாதிரி’ கிடையாது, ஒரு ‘நினைக்கிறேன்’ கிடையாது. சம்பவம் நடக்கும்போது அவர் அங்க இல்ல. ஆனா கேட்டுக்கிட்டிருந்த எனக்கே, கண்ணால பார்த்தது இவர்தான்னு தோணுச்சு.

அப்புறம் நான். எங்களை வழக்கமா கேட்கிற அந்தக் கேள்விதான். "கீழே விழுந்தாலும் இந்தக் காயம் ஏற்பட வாய்ப்பு இருக்கு இல்லையா டாக்டர்?"

"வாய்ப்பு இருக்கலாம். ஆனா..."

"அவ்வளவுதான், நன்றி."

என்னோட ‘ஆனா’ கோர்ட் பதிவுல ஏறல. அந்தக் காயத்தோட ஓரமும் ஆழமும் பற்றி நான் சொல்ல வந்தது எல்லாம் அந்த ‘ஆனா’வுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு.

திரும்பி வரும்போது பஸ்ல ஒரே யோசனை. அந்தம்மா பேசினதும் நான் பேசினதும் ஒரே ரகம். இதை ‘பொம்பளைங்க பேச்சு’ன்னு நிறைய பேர் சொல்வாங்க. இப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கா? இந்தக் கேள்விக்கு நூறு வருஷ வரலாறு இருக்கு. பிஜி என்ட்ரன்ஸுக்குப் படிக்க வேண்டிய நேரத்துல சம்பந்தமே இல்லாம இதைப் படிச்சேன் (ரேங்க் எதுக்கு வரலன்னு இப்ப புரியுதா?). அதுல ஒரு முக்கியமான ஆய்வு, ஆச்சரியமா, கோர்ட்டுலயே நடந்திருக்கு. இன்னொண்ணு டாக்டர் ரூம்ல.

வாங்க, ஆரம்பத்துல இருந்து வருவோம்.

1922. டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ எஸ்பர்சன்னு ஒரு பெரிய மொழியியலாளர். நிஜமாவே பெரிய ஆள், ஆங்கில இலக்கணத்துல அவர் வேலையை இன்னைக்கும் மதிக்கிறாங்க. மொழியோட இயல்பு, வளர்ச்சி, தோற்றம் பற்றி அந்த வருஷம் ஒரு புத்தகம் போட்டார். அதுல ‘பெண்’னு ஒரு அத்தியாயம் இருக்கு.

‘ஆண்’னு அத்தியாயம் கிடையாது. ஆண் பேசினா அது மொழி. பெண் பேசினா அது தனி அத்தியாயம்.

அதுல என்ன சொல்றார்? பெண்களோட சொல்வளம் சின்னது. ‘ரொம்ப’, ‘அவ்வளவு’ மாதிரி மிகைச் சொற்களை அதிகம் போடுவாங்க. என்ன சொல்லப் போறோம்னு முழுசா யோசிக்காம ஆரம்பிக்கிறதால வாக்கியத்தைப் பாதியில விட்டுடுவாங்க. ஆதாரம்? பெரும்பாலும் நாவலும் நாடகமும். அதாவது, கதைக்குள்ள பெண்கள் எப்படிப் பேசுறாங்கன்னு பார்த்து, நிஜப் பெண்களைப் பற்றி முடிவு.

இதை விட எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு அதே அத்தியாயத்துல இருக்கு. ஒரு வாசிப்புச் சோதனையைப் பற்றிச் சொல்றார். ஒரு பத்தியைக் கொடுத்து முடிஞ்ச வேகத்துல படிக்கச் சொல்லி, அப்புறம் படிச்சதை நினைவுல இருந்து சொல்லச் சொன்னாங்க. பெண்கள் ஆண்களை விட வேகமாவும் படிச்சாங்க, படிச்சதை நல்லாவும் திருப்பிச் சொன்னாங்க. நீங்களும் நானும் இதை எப்படி எழுதுவோம்? பெண்கள் ஜெயிச்சாங்கன்னு. ஆனா எஸ்பர்சன் ஹேவ்லாக் எல்லிஸ் கிட்ட இருந்து ஒரு விளக்கத்தைக் கடன் வாங்குறார். வேகமா படிக்கிறவங்க மூளையில காலி அறைகள் இருக்கு, அதனால தகவல் தடையில்லாம உள்ள போயிடுது. மெதுவா படிக்கிறவங்க மூளையில ஒவ்வொரு தகவலுக்கும் குறுக்கு விசாரணை நடக்குது, அதான் தாமதம்!

தோத்தா மூளை சின்னது, ஜெயிச்சா மூளை காலி. எந்தப் பக்கம் பூ விழுந்தாலும் தீர்ப்பு ஒண்ணுதான்.

"அது 1922 மா, அந்தக் காலம்"னு சொல்லிடாதீங்க. 2006ல லூவான் பிரிசெண்டைன்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவர் (எங்க ஜாதிதான், டாக்டர்) பெண் மூளை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சராசரியா ஒரு பெண் நாளைக்கு 20,000 வார்த்தை பேசுறாள், ஆண் 7,000னு அதுல வந்துச்சு. ஆதாரம் எங்கன்னு மொழியியலாளர்கள் தேடிப் பார்த்தா, பின்னாடி எந்த ஆய்வும் இல்ல. பிறகு வந்த பதிப்புகள்ல அதை எடுத்துட்டாங்க. ஆனா வாட்ஸப்ல ஏறினது இறங்குமா? உங்க குடும்ப குரூப்லயும் வந்திருக்கும், கீழ நாலு சிரிப்பு பொம்மையோட.

2007ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. 396 கல்லூரி மாணவர்கள் உடம்புல சின்ன ரெக்கார்டரை மாட்டிவிட்டு எண்ணிப் பார்த்தாங்க. ஆண், பெண் ரெண்டு பேருமே சராசரி சுமார் 16,000 வார்த்தை. அதிகம் பேசின முதல் மூணு பேரும் ஆண்கள். அதை விட்டுடுவோம், எவ்வளவு பேசுறாங்கங்கிறது இந்த த்ரெட்டோட கேள்வி இல்ல. பேசினா யார் காதுல ஏறுது, அதுதான்.

1973க்கு வருவோம். பெர்க்லியில மொழியியல் பேராசிரியர் ராபின் லேக்காஃப். அவர் ஒரு கட்டுரை எழுதினார், 1975ல புத்தகமா வந்துச்சு. இதே விஷயத்தை முதல் முறையா உள்ளே இருந்து ஒரு பெண் எழுதினது பெரிய அதிர்வு. பெண்கள் மொழின்னு அவர் சொன்ன அடையாளங்களை நம்ம ஊர் பேச்சுல போட்டுப் பாருங்க. ‘மாதிரி’, ‘போல’, ‘கொஞ்சம்’னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெத்தை வைக்கிறது. தனக்குத் தெரிஞ்சதைக் கூட ‘இல்ல?’, ‘சரிதானே?’ன்னு கேள்வியா முடிக்கிறது. நேரா கேட்காம சுத்தி வளைச்சு மரியாதையா கேட்கிறது. அழுத்தம் கொடுக்க ‘அவ்ளோ’ போடுறது.

இதெல்லாம் பெண் பிறப்பிலேயே கொண்டு வர்றது இல்லை, சின்ன வயசுல இருந்து பழக்கப்படுத்துறதுன்னு சொன்னார் லேக்காஃப். அவர் காட்டின பொறிதான் முக்கியம். பொண்ணு அடக்கமா பேசணும்னு வளர்ப்பாங்க. அவ அப்படியே பேசுவா. அப்புறம் "இவளுக்கு ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லத் தெரியல, இவளை நம்பி எப்படிப் பொறுப்பு கொடுக்கிறது"ன்னு சொல்வாங்க. சரின்னு நேரா பட்டுனு பேசினா? "வாயாடி." நம்ம ஊர்ல ‘வாயாடி’க்கு ஆண்பால் தேடிப் பாருங்க, உடனே சிக்காது.

ஆனா லேக்காஃப் கிட்டயும் ஒரு ஓட்டை. அவர் ரெக்கார்ட் பண்ணி எண்ணல. தன் பேச்சு, தெரிஞ்சவங்க பேச்சு, டிவியில கேட்டது, இதை வச்சுத்தான் எழுதினார். 1975லயே டூபுவா, கிரவுச்னு ரெண்டு பேர் ஒரு ஆய்வுக் கூட்டத்துல நடந்த பேச்சைப் பதிவு பண்ணி, ‘இல்லையா?’ன்னு வால் போட்ட கேள்விகளை எண்ணினாங்க. 33 இருந்துச்சு. 33ஐயும் கேட்டது ஆண்கள்.

அப்ப லேக்காஃப் சொன்னது பொய்யா? கேட்ட காது பொய் சொல்லல. ஆனா அது யாரோட பேச்சுங்கிற இடத்துல ஏதோ இடிக்குது. அதைக் கண்டுபிடிச்சது கோர்ட்டுல.

வில்லியம் ஓபார், டியூக் பல்கலைக்கழக மானிடவியலாளர். 1974ல அவர் குழு வட கரோலினா மாநில கோர்ட்டுகள்ல நடந்த கிரிமினல் விசாரணைகளை 150 மணி நேரத்துக்கும் மேல டேப்ல பதிவு பண்ணுச்சு. பெண் சாட்சிகளை எப்படிக் கையாளணும்னு வக்கீல்களுக்கான கையேடுகள்ல தனியா அறிவுரை எல்லாம் இருந்த காலம். பெண் சாட்சிக்குன்னு நிஜமாவே தனிப் பேச்சு இருக்கான்னு பார்க்க, ஓபாரும் போமன் அட்கின்ஸும் லேக்காஃப் பட்டியலை எடுத்து, டேப்புல ஒவ்வொரு பதிலிலும் எத்தனை ‘மாதிரி’, எத்தனை ‘நினைக்கிறேன்’, எத்தனை தயக்கம்னு எண்ணினாங்க. 1980ல முடிவு வந்துச்சு.

சில பெண்கள் பேச்சுல இதெல்லாம் வண்டி வண்டியா இருந்துச்சு. சில பெண்கள் பேச்சுல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அப்படி இல்லாத ஒருத்தர், நிபுணர் சாட்சியா வந்த ஒரு பெண் பேத்தாலஜிஸ்ட். இந்தப் பக்கம் ஆண்கள்லயும் அதே கதை. அனுபவம் உள்ள போலீஸ்காரர் பேச்சுல குறைவு. வேலைக்குப் புதுசான ஒரு ஆம்புலன்ஸ் ஊழியர், ஆண், அவர் பேச்சுல கொட்டிக் கிடந்துச்சு.

பிரிச்சது ஆண், பெண் இல்ல. சமூகத்துல எந்தப் படியில நிக்கிறோம், அந்த கோர்ட் ரூம் நமக்கு எவ்வளவு பழக்கம்ங்கிறதுதான் பிரிச்சது. அதனால அவங்க பேரையே மாத்தச் சொன்னாங்க. இது பெண்கள் மொழி இல்ல, அதிகாரம் இல்லாதவங்க மொழி. பெண்கள் கிட்ட அதிகமா கேட்குதுன்னா, கீழ்ப் படியில பெண்கள் அதிகமா நிறுத்தப்பட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

அதோட விடல. ஓபார் குழு இன்னொரு சோதனையும் பண்ணுச்சு, 1978ல வெளிவந்தது. நிஜ விசாரணையில இருந்து ஒரு சாட்சியத்தை எடுத்து, தகவல் ஒண்ணும் மாறாம, ரெண்டு விதமா நடிக்க வச்சு டேப் பண்ணாங்க. ஒண்ணு நேரான பேச்சு. இன்னொண்ணு ‘மாதிரி’, ‘நினைக்கிறேன்’ சேர்த்த பேச்சு. ரெண்டையுமே ஆண் குரல்லயும் பண்ணாங்க, பெண் குரல்லயும் பண்ணாங்க. மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, இந்த சாட்சியை எவ்வளவு நம்புவீங்கன்னு கேட்டாங்க. ஆண் குரலோ பெண் குரலோ, மெத்தை வச்சுப் பேசின சாட்சியை நம்பினது கம்மி.

இந்த இடத்தை ஒரு நிமிஷம் யோசிங்க. தகவல் ஒண்ணுதான். உண்மை ஒண்ணுதான். சொன்ன விதத்துலதான் நம்பிக்கை போச்சு. அந்த செயின் அம்மா ஞாபகம் வர்றாங்களா?

இந்தியாவுல இதுக்கு ரொம்பப் பழைய சாட்சி இருக்குன்னு எனக்குத் தோணும். சமஸ்கிருத நாடகங்கள். காளிதாசனோட சாகுந்தலத்துல ராஜா துஷ்யந்தன் சமஸ்கிருதத்துல பேசுவான். கண்வ முனிவர் சமஸ்கிருதம். சகுந்தலையும் தோழிகளும் பிராகிருதம். ஒரே காதல் காட்சியில அவன் ஒரு மொழி, அவள் ஒரு மொழி, ரெண்டு பேருக்கும் தடையில்லாம புரியும்! இதைப் பார்த்தா பெண்ணுக்குத் தனி மொழின்னுதான் தோணும். ஆனா மோதிரத்தோட மாட்டிக்கிற மீனவன் என்ன பேசுறான்? அவனும் பிராகிருதம்தான், அதுலயும் இன்னும் தாழ்வா நினைச்ச ஒரு வகை. அவனைப் பிடிச்சு வர்ற காவலாளிகளும் பிராகிருதம். ராஜாவோட கூடவே சுத்துற விதூஷகன், பிறப்பால பிராமணன், ஆண். ஆனா கோமாளி. அவனுக்கும் பிராகிருதம். இன்னொரு பக்கம், அதே காளிதாசனோட மாளவிகாக்னிமித்திரத்துல கௌசிகின்னு ஒரு பெண் துறவி வர்றாங்க. படிச்சவங்க, சபையில தீர்ப்பு சொல்ற இடத்துல உட்கார்றவங்க. அவங்க பேசுறது சமஸ்கிருதம்.

ஓபார் டேப் ரெக்கார்டரை வச்சு எண்ணிச் சொன்னதை, நாடகக்காரங்க ஒரு விதியாவே எழுதி வச்சிருந்திருக்காங்க.

சரி, இப்ப என் ரூமுக்கு வருவோம். இது கொஞ்சம் வலிக்கும்.

1975ல டான் சிம்மர்மேன், கேண்டஸ் வெஸ்ட்னு ரெண்டு சமூகவியலாளர்கள், ஆணும் பெண்ணும் பேசிக்கிற 11 உரையாடல்களைப் பதிவு பண்ணி குறுக்கீடுகளை எண்ணினாங்க. மொத்தம் 48. அதுல 46 ஆண்களோடது. சின்ன ஆய்வு, அதுல இருந்த ஒரே ஒரு வாயாடி ஆணால கணக்கு கோணியிருக்கலாம்னு பிறகு விமர்சனமும் வந்துச்சு. (பாருங்க, ஆண்பால் கிடைச்சிடுச்சு.)

அதுக்கப்புறம் வெஸ்ட் டாக்டர்கள் பக்கம் திரும்பினார். அவர் யோசனை என்னன்னா, அதிகாரம்தான் காரணம்னா, டாக்டர்–நோயாளி பேச்சுல டாக்டர்தானே மேல்படி? அப்ப டாக்டர் பெண்ணா இருந்தா என்ன ஆகும்? படி ஜெயிக்குமா, பாலினம் ஜெயிக்குமா? குடும்ப மருத்துவம் பார்க்கிற ஒரு மையத்துல 21 சந்திப்புகளை எடுத்து, 188 குறுக்கீடுகளை எண்ணி, 1984ல வெளியிட்டார்.

ஆண் டாக்டர் இருந்த சந்திப்புகள்ல, குறுக்கீடுகள்ல 67% டாக்டர் பண்ணது, 33% நோயாளி பண்ணது. நாம எதிர்பார்த்ததுதான்.

பெண் டாக்டர் இருந்த சந்திப்புகள்ல 32% டாக்டர், 68% நோயாளி. அப்படியே தலைகீழ்.

ஆண் டாக்டர்ன்னா டாக்டர் குறுக்க பேசுறார். பெண் டாக்டர்ன்னா டாக்டர் பேசும்போது நோயாளி குறுக்க பேசுறார். இதிலயும் பெண் டாக்டர்கள் எண்ணிக்கை குறைவு, ஊர் உலகத்துக்கே பொதுவா இதை நீட்ட முடியாது. ஆனா எனக்கு அந்த எண்ணைப் படிச்சதும் சிரிப்பும் வந்துச்சு, கோபமும் வந்துச்சு. வெஸ்ட் அந்தக் கட்டுரைத் தலைப்புல டாக்டர் ஒரு ‘லேடி’யா இருக்கும்போதுன்னு வச்சிருந்தார். நம்ம ஊர்லயும் அதே சொல்தானே? ‘லேடி டாக்டர்’. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் 1875லயே பெண்களைச் சேர்த்துக்கிச்சு, 150 வருஷம் ஆச்சு. இன்னும் ‘லேடி டாக்டர்’. அந்தப் பக்கம் வெறும் ‘டாக்டர்’. எஸ்பர்சன் புத்தகத்து அத்தியாயம் மாதிரியே.

என் ஓபியில தினமும் நடக்கிறது இது. கழுத்துல ஸ்டெத்து, மேசையில பேர்ப் பலகை. "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?" பக்கத்துல நிக்கிற ஆண் நர்ஸுக்கு "வணக்கம் சார்". பத்து நிமிஷம் சுகர் பற்றி விளக்கி முடிச்ச பிறகு "சரிம்மா, பெரிய டாக்டர் என்ன சொல்றார்?" நான் இதுக்கெல்லாம் பழகிட்டேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பழகினதோட விளைவு என் பேச்சுல ‘ஆனா’வாவும் ‘இருக்கலாம்’ஆவும் ஒட்டியிருக்குன்னு கோர்ட்டுலதான் தெரிஞ்சுச்சு.

இங்க நியாயத்துக்காக ஒண்ணு சொல்லணும். எங்க தொழில்ல ‘இருக்கலாம்’ பல நேரம் பலவீனம் இல்ல, நேர்மை. காயத்தைப் பார்த்து நூறு சதவீதம் இதனாலதான்னு சொல்ற டாக்டர்தான் ஆபத்தானவர். போலீஸ் அதிகாரி மாதிரி பேசக் கத்துக்கிட்டா தீர்ந்துச்சுன்னு நான் நம்பல.

வெஸ்ட்டே பின்னாடி, 1990ல, இன்னொரு கட்டுரை எழுதினார். டாக்டர்கள் உத்தரவு போடும் விதம் பற்றி. ஆண் டாக்டர்கள் "இதைச் சாப்பிடுங்க, அதை நிறுத்துங்க"ன்னு கட்டளையா பேசினாங்க. பெண் டாக்டர்கள் டாக்டரையும் நோயாளியையும் சேர்த்து, ‘பண்ணலாமே’ன்னு யோசனையா சொன்னாங்க. தமிழ்ல இதுக்கு நமக்கு ஒரு வரப்பிரசாதமே இருக்கு. ‘நாங்க’ன்னா எதிர்ல இருக்கிறவரைத் தள்ளி வச்சது, ‘நாம’ன்னா சேர்த்துக்கிட்டது. "நாம இந்த மாசம் சுகரைக் கொஞ்சம் குறைச்சிடலாம், என்ன?" இது லேக்காஃப் பட்டியல்படி மெத்தை வச்ச பேச்சு. ஆனா வெஸ்ட் எண்ணிப் பார்த்தப்போ, நோயாளி ஒத்துக்கிட்டது ஆண் டாக்டர்கள் சொன்னதுல 50%, பெண் டாக்டர்கள் சொன்னதுல 67%.

ஆக, அந்தப் பேச்சு எல்லா இடத்துலயும் தோற்கிற பேச்சு இல்ல. கோர்ட்டுல அடி வாங்குற அதே பேச்சு ஓபியில வேலை செய்யுது. கேட்கிறவர் காது எப்படின்றதைப் பொறுத்தது.

என் காதைப் பற்றி இப்ப சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, ராத்திரி ரெண்டு மணி, காஷுவால்டி. கூட்டம். ஒரு அம்மா, அறுபதுக்குள்ள, மகனோட வந்தாங்க. என்ன பண்ணுதுன்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. நெஞ்சு லேசா கரிக்கிற மாதிரி இருக்கு. கேஸா இருக்கும். இவன்தான் பயந்து கூட்டிட்டு வந்துட்டான். நீங்க மத்தவங்களைப் பாருங்க."

ஒண்ணுமில்ல, லேசா, மாதிரி, இருக்கும். நாலு மெத்தை. அந்தம்மா சொன்னதை அப்படியே வாங்கிக்கிட்டு அசிடிட்டிக்கு ஊசி எழுதிட்டேன். பக்கத்துப் பெட்ல ஒருத்தர், குடிச்சுட்டு வண்டியில இருந்து விழுந்தவர், "உயிர் போகுது, எவன்டா டாக்டர்"னு கத்திக்கிட்டிருந்தார். முழங்கைல சிராய்ப்பு. அவரைத்தான் முதல்ல போய்ப் பார்த்தேன்.

ஊசி போடப் போன ஸ்டாஃப் நர்ஸ் திரும்பி வந்தாங்க. "மேடம், லேசா வேர்த்திருக்கு மாதிரி இருக்கு. ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துடலாமா மேடம்?"

அதையும் கவனிங்க. இருபது வருஷ அனுபவம் உள்ள நர்ஸ். அவங்களுக்குத் தெரியும். ஆனா எனக்கு, படியில மேல நிக்கிற எனக்கு, கேள்வியாத்தான் சொன்னாங்க. ‘மாதிரி’ போட்டு, ரெண்டு ‘மேடம்’ போட்டு. நான் "பார்க்கலாம் சிஸ்டர், இதை முடிச்சுட்டு வர்றேன்"னேன். சொல்லிட்டு நாலு தையல் முடிச்சுட்டுத்தான் போனேன்.

ஈசிஜியில இன்ஃபீரியர் வால் மாரடைப்பு. லோடிங் டோஸ் கொடுத்து, 108ல மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். பிழைச்சுட்டாங்க. அந்த நாலு தையல் நேரத்தை நான் இன்னும் மறக்கல.

ஓபார் டேப்பைக் கேட்ட மாணவர்கள் மாதிரியேதான் நானும். சொன்ன தகவலைக் கேட்கல, சொன்ன விதத்தைக் கேட்டேன். நானே தினமும் ‘சிஸ்டர்’னு கூப்பிடப்படுறவ. இன்னொரு பொம்பளை பேச்சைத் தள்ளி வைக்க எனக்கு ரெண்டு நொடி கூட ஆகல.

11 லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க மாரடைப்பு நோயாளிகளோட பதிவுகளை வச்சு 2012ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. நெஞ்சுவலின்னு பதிவே இல்லாம வந்தவங்க பெண்கள்ல 42%, ஆண்கள்ல 30.7%. ஆஸ்பத்திரியிலேயே இறந்தவங்க பெண்கள்ல 14.6%, ஆண்கள்ல 10.3%. இதுல வயசு, உடம்போட வேறுபாடு எல்லாம் இருக்கு, மறுக்கல. ஆனா ஒரு டாக்டரா எனக்கு ஒரு சந்தேகம் போகவே மாட்டேங்குது. ‘நெஞ்சுவலி இல்லை’ன்னு கேஸ் ஷீட்ல எழுதுறது நோயாளி இல்ல, நாங்க. அந்த 42ல எத்தனை பேர் "லேசா கரிக்கிற மாதிரி"ன்னு சொல்லியிருப்பாங்க?

1984லயே பெக்மேன், ஃபிராங்கல்னு ரெண்டு பேர் 74 டாக்டர்–நோயாளி சந்திப்புகளைப் பதிவு பண்ணிப் பார்த்தாங்க. என்ன பண்ணுதுன்னு கேட்ட பிறகு நோயாளியைத் தொடக்கத்துல முழுசா சொல்ல விட்டது 23% சந்திப்புகள்லதான். சராசரியா 18 நொடியில டாக்டர் குறுக்க புகுந்துட்டார்.

18 நொடிங்கிறது அந்தம்மா மாதிரி பேசுறவங்களுக்கு முன்னுரைக்கே பத்தாது. "தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க டாக்டரம்மா"லயே பாதி போயிடும். விஷயம் அதுக்கப்புறம்தான் வரும், பெரும்பாலும் எழுந்து போகும்போது, கதவுகிட்ட நின்னுக்கிட்டு.

இதைப் படிச்ச வாரம் ஓபியில மனசுக்குள்ள எண்ணிப் பார்த்தேன். முதல் நோயாளிகிட்ட 11லயே குறுக்கிட்டுட்டேன். வரிசை கதவுக்கு வெளிய வரைக்கும் நிக்கும்போது எல்லாரையும் கடைசி வரைக்கும் பேச விட முடியாது, அது எனக்கும் தெரியும். அதனால ஒரே ஒரு பழக்கம் மட்டும் வச்சிருக்கேன். "ஒண்ணுமில்லீங்க"ன்னு யார் ஆரம்பிச்சாலும், ஆணோ பெண்ணோ, பேனாவைக் கீழ வச்சுடுவேன். எங்க ஸ்டாஃப் நர்ஸ்கிட்டயும் சொல்லிட்டேன், சந்தேகம்னா என்னைக் கேட்காதீங்க, ஈசிஜியை எடுத்துட்டு வந்து மேசையில போடுங்கன்னு. முதல்ல தயங்கினாங்க. இப்ப எடுத்துட்டு வந்து போட்டுட்டு, "எடுத்துட்டேன்"னு மட்டும் சொல்றாங்க. ‘மேடம்’ கூட ஒண்ணு குறைஞ்சிருக்கு.

அந்தம்மா மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்திரை வாங்க வருவாங்க. போன வாரமும் வந்தாங்க. எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா, நல்லாத்தான் இருக்கேன். மாடிப்படி ஏறுனா மட்டும் லேசா..."

பேனாவைக் கீழ வச்சேன். "லேசா, என்னம்மா?"